இரண்டாவது பூட்டு

என்னுடைய மேசை லாச்சியில் ஒரு சாவி கிடக்கிறது. பித்தளைச் சாவி. சுண்டுவிரல் நீளம், ஐந்து பல். தலைப்பக்கத்தில் 417 என்று பொறித்திருக்கிறது. ரொறன்ரோவின் கிழக்குக் கரையில், ரூஜில், மகன் வீட்டுக்கு வந்த பிறகு மூன்று தடவை என் சாமான்களைக் குறைத்துவிட்டார்கள். முதலில் எட்டுப் பெட்டி இருந்தது, பிறகு மூன்று, இப்போது ஒரு மேசையும் அதன் லாச்சியும். ஒவ்வொரு தடவையும் மருமகள் இந்தச் சாவியைத் தூக்கிக் காட்டி, "மாமா, இது எந்தக் கதவின்ரை?" என்று கேட்பார். "கிடக்கட்டும் பிள்ளை" என்பேன். அது திறக்கும் பூட்டு ஆபிரிக்காவில், சாம்பியாவின் ஒரு மூலையில், ஒரு பள்ளிக்கூடத்தில் தொங்கியது. இன்னும் தொங்குகிறதா என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னை இருக்கவிடாமல் அரிக்கிறது. காலையில் எழும்பியதும் லாச்சியை இழுத்துப் பார்க்கிறேன், மத்தியானம் சாப்பிட்ட பிறகு இன்னொருக்கால்.

1976இல் ஒப்பந்தத்தில் கணித ஆசிரியராகச் சாம்பியாவுக்குப் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் அப்படிப் போன ஆசிரியர்கள் பலர். எனக்குக் கிடைத்தது வடமேற்கே, தார் றோட்டு முடிந்து இன்னும் நாற்பது மைல் போகவேண்டிய ஒரு விடுதிப் பாடசாலை. நானூற்று எண்பது பிள்ளைகள். இரண்டு வருடம் கழித்து நூலகத்தையும் என் பொறுப்பில் விட்டார்கள். எண்ணத் தெரிந்தவன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. நூலகம் என்றால் ஒரே அறை, ஆறு ஜன்னல், பதினான்கு புத்தக இறாக்கை, மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு புத்தகம்.

ஒவ்வொரு வருட முடிவிலும் மாகாண அலுவலகத்திலிருந்து இரண்டு உத்தியோகத்தர்கள் வருவார்கள். ஒருவர் பதிவேட்டை வாசிப்பார், மற்றவர் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து ஓம் என்பார். அதற்குப் பெயர் இருப்பெடுப்பு. புத்தகம் யாருக்குப் பயன்பட்டது என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். ஒன்று குறைந்தால் பொறுப்பாசிரியர் விளக்கக் கடிதம் எழுதவேண்டும். விளக்கக் கடிதம் எழுதிய வெளிநாட்டு ஆசிரியருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைப்பது கஷ்டம். எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நூலகம் புதன்கிழமைகளில் மட்டும் திறக்கும், மூன்றரை மணியிலிருந்து நாலேகால் வரை. மேசையில் இருந்து வாசிக்கலாம். வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர்.

என் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். செம்பு விலை விழுந்து நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி வற்றிப்போயிருந்தது. தலைநகரத்துப் புத்தகக் கடையில் தட்டுகள் வெறுமையாகக் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆங்கிலப் பாடநூல் ஆறு பிள்ளைகளுக்கு ஒன்று. தொலைந்த புத்தகத்துக்குப் பதில் இன்னொன்று வரும் என்று நம்ப ஒரு வழியும் இல்லை. போதாததற்கு மழைக்காலத்தில் பூஞ்சணம், வெயில் காலத்தில் கறையான். இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்தேன். ஐந்து வருடத்தில் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது.

1981இல், எங்கள் ஊரின் பெரிய நூலகத்தை எரித்துவிட்டார்கள் என்று தம்பியின் கடிதம் வந்தது. கடிதம் வந்து சேர ஐந்து கிழமை. சாம்பல் ஆறிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போய் என் சொந்தச் செலவில் ஒரு பூட்டு வாங்கினேன். இலக்கம் 417. அரசாங்கப் பூட்டுக்கு மேலே ஒரு கொண்டியை வைத்து, நாலு திருகாணி முறுக்கி, அந்த இரண்டாவது பூட்டை மாட்டினேன். நெருப்பைப் பூட்டு மறிக்காது என்பது எனக்குத் தெரியாததா? கை சும்மா இருக்க மறுத்தது.

ரீச்சர் அதற்கு அடுத்த வருடம் ஆங்கிலம் படிப்பிக்க வந்தார். அந்த நாட்டுக்காரி. இருபத்தாறு வயது இருக்கும். உயரமானவர். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்துவார், ஆனால் சிரிப்புச் சத்தம் மூன்று வகுப்புக்குக் கேட்கும். வந்த முதல் கிழமையே என்னிடம் சாவி கேட்டார்.

"சேர், என் இரண்டாம் படிவத்தில் நாற்பத்திரண்டு பேர். இடைவேளையில் உங்கள் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பேக்கரிக் கண்ணாடியில் பாண் பார்க்கிற மாதிரி."

"இருப்பெடுப்பு முடியட்டும்" என்றேன்.

இருப்பெடுப்பு முடிந்தது. "தவணை முடியட்டும்" என்றேன். இரண்டு வருடத்தில் அவர் பதினேழு தடவை கேட்டார். நான் நாலு தடவை திறந்துவிட்டேன், அதுவும் வாசலில் கதிரை போட்டு நான் இருந்துகொண்டு. ஒருநாள் கேட்டார், "உங்கள் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் திகதிச் சீட்டு ஒட்டியிருக்கிறதே, அதில் எத்தனை முத்திரை இருக்கிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா?" இல்லை என்றேன். "எண்ணுவது சுகம். எல்லாம் பூச்சியம்" என்று வாயைப் பொத்திச் சிரித்தார்.

1983 ஜூலைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை விட்டோம். மனைவியின் தமையன் ரொறன்ரோவில் இருந்தார். அவர் கூப்பிட்டார். டிசம்பர் முடிய நூலகத்தைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்து, ஒரு சான்றிதழ் வாங்கினேன். 'பொறுப்பிலிருந்த நூல்கள் 3,112. குறைவு இல்லை' என்று முத்திரை குத்திய தாள். தை மாதம் ரொறன்ரோவில் இறங்கினோம். மூன்றாம் நாள், மச்சான் தந்த குளிர்க்கோட்டுக்குள் என் பழைய காற்சட்டைப் பொக்கற்றில் கைவிட்டபோது விரலில் பட்டது 417. அரசாங்கச் சாவியைக் கொடுத்திருந்தேன். என் சொந்தப் பூட்டின் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அன்றைக்கே கடிதம் எழுதினேன். முத்திரையும் ஒட்டினேன். தபால் பெட்டிவரை இருநூற்றுப் பன்னிரண்டு அடி. போய், கடிதத்தைப் போடாமலே திரும்பி வந்தேன். குறைவு இல்லை என்று எழுதிய சான்றிதழோடு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒரு குறைவு இருந்தது என்று நானே எழுதி அனுப்புவதா? பூட்டை உடைத்திருப்பார்கள், ஒரு சுத்தியல் போதும் என்று மனதுக்குச் சொன்னேன். மனம் நம்பவில்லை. சாவியை லாச்சியில் போட்டேன்.

அந்தச் சான்றிதழை ரொறன்ரோவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்காபரோவில் ஒரு வெயர்ஹவுசில் சரக்கு எண்ணும் வேலை கிடைத்தது. அங்கேயே வோபர்ன் பகுதியில் ஏழாம் மாடியில் இரண்டு அறை வீடு. சனிக்கிழமைகளில், வீட்டிலிருந்து ஒன்பது பஸ் தரிப்புத் தள்ளி ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற்றுக்குப் போகத் தொடங்கினேன். ஆபிரிக்கப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பப் பழைய புத்தகங்கள் சேர்த்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு கனேடிய அம்மா. நாங்கள் தலைவி என்போம். நல்ல மனுஷி. சளி பிடித்தாலும் வருவார். அவருக்கு எண்கள் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். சுவரில் மண்ணிறக் கடதாசி ஒட்டி, ஐந்தைந்தாகக் கோடு போட்டு நான் கணக்கு வைத்தேன். கப்பல் செலவை ஏற்ற நிறுவனம் ஒன்று, பத்தாயிரம் புத்தகம் சேர்ந்தால் ஒரு கொள்கலன் தருவோம் என்று சொல்லியிருந்தது.

1987 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, படியிறங்கி வந்த பெண்ணைப் பார்த்து என் கோடு கோணிப்போனது. தடித்த மேலங்கி, கம்பளித் தொப்பி, அதற்குள்ளே அதே முகம்.

"சேர்! இங்கேயும் நீங்கள்தான் எண்ணுகிறீர்களா?"

நூலகப் படிப்புக்கு ஒரு வருடப் புலமைப்பரிசில் கிடைத்து வந்திருந்தார். எனக்குப் பிறகு அந்த நூலகம் அவர் பொறுப்பில் இருந்தது. கொள்கலன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகட்டும் என்று தலைவி அன்றைக்கே முடிவுசெய்தார். எல்லோரும் கை தட்டினோம். கடதாசியில் அப்போது எட்டாயிரத்துச் சொச்சம் கோடு இருந்தது.

ரீச்சர் பெட்டிகளைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். முதல் பெட்டியில் பனியில் கார் ஓட்டும் முறை. இரண்டாவதில் பழைய வருமானவரி விளக்க நூல்கள், பதினொன்று. பிறகு ஐஸ் ஹொக்கி, மீன் தொட்டி வளர்ப்பு, யாரோ ஒரு வக்கீல் விட்டுப்போன சட்டத் தொகுதிகள். ஒரு தேசப்படத்தை விரித்தார். அவருடைய நாட்டுக்கு அதில் வெள்ளைக்காரன் வைத்த பழைய பெயர் இருந்தது. "நான் பிறந்த பிறகு பெயர் மாறியது சேர். என் பிள்ளைகள் இதில் தங்கள் நாட்டைத் தேடினால் கிடைக்காது" என்றார். மேசையில் கிடந்த கறுப்பு மார்க்கரை எடுத்து அந்தப் பெட்டியில் ஒரு பெரிய சிலுவைக் கோடு போட்டார். அன்று பின்னேரம்வரை போட்டுக்கொண்டே இருந்தார்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒன்றுமில்லாததற்கு இது நல்லதுதானே" என்றேன். "வெறும் இறாக்கையைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட?"

அவர் மார்க்கரை மூடினார். "வெறும் இறாக்கை நல்லது. அதைப் பார்த்தால் மேலதிகாரி வெட்கப்படுவார். வரிப் புத்தகத்தால் நிறைந்த இறாக்கையைப் பார்த்தால் எண்ணிப்போட்டு, போதுமென்று எழுதிவிட்டுப் போவார். உங்களுக்குத் தெரியாதா சேர், அவர்கள் எப்படி எண்ணுவார்கள் என்று?"

தேநீர் இடைவேளையில், கதிரைகளைச் சுற்றிப் போட்டு இருந்தபோது, அவர் எல்லோருக்கும் ஒரு பகிடிக் கதை சொன்னார். கணித ஆசிரியர் ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது நூலகத்தில் இரண்டு பூட்டுத் தொங்கியது. சாவி ஒன்றுதான் இருந்தது. அரசாங்கப் பூட்டு என்றால் உடைக்கலாம். மற்றது தனியார் சொத்து. அதை உடைத்துத் திறந்து உள்ளே ஏதாவது குறைந்திருந்தால் யார் பொறுப்பு? தலைமையாசிரியர் மாகாண அலுவலகத்துக்கு எழுதினார். அலுவலகம் பூட்டின் சொந்தக்காரர் யார் என்று கேட்டது. பதில் போனது. அதற்குப் பதில் வரவில்லை. தையிலிருந்து ஆவணிவரை நூலகம் பூட்டிக் கிடந்தது. அந்த வருடத்து ஐந்தாம் படிவம் இறுதிப் பரீட்சைக்குப் பாதி வழி தாண்டிவிட்டது.

"பிறகு ஒருநாள் நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். கொண்டியின் திருகாணி நாலும் வெளிப்பக்கம் இருக்கிறது! கன்ரீனில் ஒரு மேசைக்கத்தி வாங்கிக்கொண்டு வந்தேன். ஐந்து நிமிடம். பூட்டு பூட்டியபடியே என் கையில் வந்தது."

பேஸ்மென்ற் முழுக்கச் சிரித்தது. தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தான் நூலகத்தைப் பூட்டவில்லை என்றும், முதல் வருடம் நாற்பத்தொரு புத்தகம் குறைந்தது என்றும், விளக்கக் கடிதம் எழுதியதில் தன் பதவியுயர்வு மூன்று வருடம் பிந்தியது என்றும் ரீச்சர் அதே சிரிப்போடு சொன்னார். "நாற்பத்தொரு புத்தகத்தையும் யாரோ வாசிக்க எடுத்திருக்கிறார்கள். நான் விளக்கக் கடிதத்தில் அதைத்தான் எழுதினேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சேர், அந்தச் சாவிக்கு என்ன நடந்தது?"

"தெரியாது. எங்கேயோ தொலைந்துபோச்சு" என்றேன். என் கை தானாகக் கோட்டுப் பொக்கற்றுக்குள் போனது. சாவி வீட்டு லாச்சியில் அல்லவா இருந்தது.

அன்று பஸ்ஸில் ஒன்பது தரிப்பையும் பதினொன்றாக எண்ணினேன். தையிலிருந்து ஆவணி, எட்டு மாதம். மூன்று தவணையில் இரண்டு. ஐந்தாம் படிவத்தில் எழுபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களில் அநேகரின் பெயர் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவ முருங்கையிலை இல்லாத குறைக்குக் உறைந்துபோன கீரைப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றா.

"உந்தச் சாவியை எடுத்துக்கொண்டுபோய்க் குடுங்கோ. பிழை விட்டிட்டன் பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. உங்கடை வாயிலையிருந்து முத்தே கொட்டுண்டுபோகும்?"

"சொல்லுறன். நேரம் பாத்துச் சொல்லுறன்."

"உங்கடை நேரம் எனக்குத் தெரியும். இருப்பெடுப்பு முடிஞ்ச பிறகு."

குளிர் காலம் முழுக்க ரீச்சர் ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சாம்பியாவிலேயே என் மனைவியோடு நல்ல ஒட்டு. புட்டைக் கையால் பிசைந்து, தங்கள் ஊர்ச் சோளமாக் களியின் தங்கச்சி இது என்று சாப்பிடுவார். லாச்சி இருந்த மேசைக்கும் அவர் இருந்த கதிரைக்கும் நாலு அடி. பதின்மூன்று ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் மனைவி என்னைப் பார்ப்பா, நான் யன்னலைப் பார்ப்பேன்.

சனிக்கிழமைகளில் கடதாசியில் கோடுகள் குறைந்துகொண்டே போயின. நானே அழித்தேன். மே முடிய நல்ல புத்தகம் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு, அறுபத்தாறு பெட்டி. சிலுவை போட்டவை ஒரு மூலையில் கூரைவரை. ஆனால் ரீச்சர் மகிழ்ச்சியாக இருந்தார். ஸ்காபரோப் பள்ளிக்கூடம் ஒன்று ஒரே புவியியல் புத்தகத்தின் முப்பத்தெட்டுப் பிரதியைக் கழித்துவிட்டிருந்தது. அந்தப் பெட்டியைத் திறந்தபோது அவர் இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "ஒவ்வொன்றில் ஒன்று எனக்கு வேண்டாம் சேர். ஒன்றில் நாற்பது வேண்டும். ஒரு வகுப்பு முழுக்க ஒரே பக்கத்தைத் திருப்பவேண்டும்." ஆனி முடிவில் பள்ளிக்கூடங்கள் மூடும்போது இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்கள் அப்படியான தொகுதிகள் தருவதாகச் சொல்லியிருந்தன. மூன்று கிழமை காத்திருந்தால் போதும். "தலைவி நீங்கள் சொன்னால் கேட்பார். மூன்று கிழமை பொறுக்கச் சொல்லுங்கள். மிச்ச இடத்தைக் காலியாக வையுங்கள்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். பதினேழு தடவை சாவி கேட்டபோது பிடிக்காத கை.

"சொல்லுகிறேன்" என்றேன்.

புதன்கிழமை தலைவி தொலைபேசியில் கூப்பிட்டார். நிறுவனத்திலிருந்து சனிக்கிழமை படம் பிடிக்க ஆள் வருகிறார்களாம். கால்வாசி நிறைந்த கொள்கலனை எப்படிக் காட்டுவது? அவர்கள் கை கழுவிவிட்டால் இருப்பதும் போகாது. "கழித்ததையும் ஏற்றினால் ஆபிரிக்கப் பெண் கோபிப்பாளா?" என்று கேட்டார். மூன்று கிழமை பொறுக்கலாம் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் இருந்தது. சுவரில் இருந்த கடதாசியை நினைத்தேன். 2,614. பத்தாயிரம் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டு வந்த மனுஷனின் பெயர் அதன் கீழே இருந்தது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

வியாழக்கிழமை ரீச்சருக்கு வகுப்பு. பக்கத்து நகரமான பிறம்ரனில் ட்ரக் ஓட்டும், மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கத் தம்பி ஒருவர் கொள்கலனைக் கொண்டுவந்து தேவாலய வளவில் நிறுத்தினார். நல்ல அறுபத்தாறு பெட்டியையும் முதலில் ஏற்றினோம். அவை கடைசிச் சுவரோடு போய் ஒட்டின. பிறகு நான் மூலையைக் காட்டினேன்.

"மாஸ்டர், உது கழிச்சு வைச்சதெல்லோ? சிலுவை போட்டிருக்கு."

"ஏத்தும் தம்பி."

"சிலுவை போட்டதை வேண்டாமெண்டு சொல்ல என்னாலையும் ஏலாதுதான். மாதா மன்னிப்பா. ஆனா மாஸ்டர், அந்த ரீச்சர் மன்னிப்பாவோ?" என்று சிரித்துக்கொண்டே தூக்கினார். நூற்று எண்பத்தாறு பெட்டி. கதவை மூடும்போது உள்ளே ஒரு விரல் இடம் இருக்கவில்லை. கடதாசியில் எழுதினேன்: 10,040.

சனிக்கிழமை சாவியைக் கோட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனேன். அன்று கட்டாயம் கொடுப்பதென்று மனைவிக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். வளவில் எல்லோரும் நின்றார்கள். படம் எடுக்க வந்தவர் கொள்கலனின் கதவைத் திறக்கச் சொன்னார். கதவு திறந்தது. மேலிருந்து கீழ்வரை, ஒரு கரையிலிருந்து மறுகரைவரை கறுப்புச் சிலுவைகள். ரீச்சர் அதைப் பார்த்தார். அவருடைய பெட்டி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தலைவி எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். ரீச்சரும் வந்து நின்றார், எனக்குப் பக்கத்தில். படம் எடுத்த பிறகு கதவைச் சாத்தி ஈய முத்திரை அடித்தார்கள். அப்போதுதான் அவர் என்னைப் பார்க்காமல், மெல்லிய குரலில் சொன்னார்:

"மறுபடியும் பூட்டிவிட்டீர்கள், சேர்."

பொக்கற்றுக்குள் என் கை சாவியைப் பிடித்திருந்தது. ஐந்து பல்லும் உள்ளங்கையில் பதிந்தன. அந்தக் கையை நான் வெளியே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆவணியில் நாட்டுக்குத் திரும்பும்முன் மனைவியை மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார். இருவரும் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். என்ன கதைத்தீர் என்று கேட்டேன். "புட்டு அவிக்கிற விதம் கேட்டவ" என்று சொல்லிவிட்டு மனைவி குசினிக்குள் போய்விட்டா.

அடுத்த வருடம், 1989 வைகாசியில், நீல நிற விமானத் தபால் ஒன்று வந்தது. அப்போது பிரித்த மடிப்பில் இன்று வெளிச்சம் தெரிகிறது. மனப்பாடமாகத் தெரியும், இருந்தாலும் எடுத்து வாசிக்கிறேன். கொள்கலன் வந்து சேர ஏழு மாதமாம். பிள்ளைகள் பாட்டுப் பாடிப் பெட்டி இறக்கினார்களாம். நூலக அறையில் முதலில் இறங்கிய சிலுவைப் பெட்டிகளை அடுக்கியதில் அறை நிறைந்துவிட்டது. அடுத்த மாதம் பரிசோதகர் வந்தார். எண்ணினார். 'இந்த நூலகத்தில் போதிய நூல்கள் உண்டு' என்று பதிவேட்டில் எழுதினார். அந்த வருடம் மாகாணத்துக்கு எத்தனையோ காலத்துக்குப் பிறகு புதிய பாடநூல்கள் வந்தன. பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். போதிய நூல்கள் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஒன்றும் இல்லை.

கடைசிப் பந்தியை அவர் எழுதியபடியே சொல்ல முயற்சிக்கிறேன். 'என் அறுபத்தாறு பெட்டியையும் கண்டுபிடித்துவிட்டேன். அவை நூலகத்தில் இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்தாறு பெட்டி, மூடியில்லாமல், நீங்கள் காத்த பழைய புத்தகங்களும் அவற்றோடு. இதுவரை இருபத்தொன்பது புத்தகம் குறைந்திருக்கிறது, உங்களுக்கு எண்ணிக்கை பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன். நூலக அறையில் யாருக்கும் வேலை இல்லை. வரிப் புத்தகம் அழியக் கூடாது என்று தலைமையாசிரியர் கவலைப்படுகிறார். ஆகவே அதைப் பூட்டிவிட்டேன். உங்கள் பழைய கொண்டியை அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். பூட்டோடு சேர்த்து அதே நாலு திருகாணியை முறுக்கித் தலைகளை அராவிவிட்டேன், இந்தமுறை யாருக்கும் கழற்ற வராதபடி. சாவி உங்களிடம் இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும், சேர். தொலைந்துவிட்டது என்று சொன்னபோது உங்கள் கை பொக்கற்றைத் தேடியது. அதை அனுப்பவேண்டாம். நீங்களே பத்திரமாக வைத்திருங்கள்.'

பதில் ஐந்து தடவை எழுதினேன். அனுப்பவில்லை. மனைவி இருந்தவரை, "எழுதினனீங்களோ?" என்று வருடத்துக்கு ஒருக்கால் கேட்பா. அவ போய்ப் பதினொரு வருடம். கேட்க ஆள் இல்லாத பிறகுதான் கேள்வி கூடுதலாகக் கேட்கிறது. ரீச்சருக்கும் இப்போது எழுபது தாண்டியிருக்கும். அந்த அறையை யாராவது திறந்திருப்பார்களா? கறையான் எனக்கு முந்தி எண்ணி முடித்திருக்குமா?

போன கிழமை பேத்தி என்னை இங்குள்ள நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிட்டப் போனதும் கண்ணாடிக் கதவு தானாக விலகியது. நான் நின்றுவிட்டேன். "கம் ஓன், அப்பப்பா, யூ கான் ஜஸ்ற் வோக் இன்" என்றாள். வாசலில் ஒரு மேசையில் கழித்துவிட்ட புத்தகங்கள், விரும்பினால் எடுக்கலாம் என்று போட்டிருந்தது. ஒன்றின் கடைசிப் பக்கத்தில் பழைய திகதிச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. இடைவெளி இல்லாமல் முத்திரை. எழுபத்து மூன்று. நின்றபடியே எண்ணினேன். பேத்தி பொறுமையாகப் பக்கத்தில் நின்றாள். புத்தகத்தை எடுக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

ரீச்சர் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பு ஒன்றே ஒன்று. 1989இலிருந்து பார்த்துவருகிறேன். இன்று காலையும் லாச்சியை இழுத்துப் பார்த்தேன். சாவி ஒன்று. குறைவு இல்லை.